ரெட்டைப் பூட்டு வீடு பார்த்த கதை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'ரெட்டைப் பூட்டு' என்று பெயர். பூட்டு ரிப்பேர் தொழில். தன் கடைக்கே இரண்டு பூட்டு போட்டு, தெருமுனைவரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். நான் தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அக்காவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இரண்டு மாடி ஏற முடியவில்லை. இருக்கிற வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒன்று வாங்குவது என்று முடிவானது.

"விக்கிறதுக்கு முன்னாடியே பேங்க்ல லோனுக்கு ஒப்புதல் வாங்கி வச்சுக்கலாங்க" என்றாள் அக்கா.

"பேங்க்காரனும் புரோக்கரும் கூட்டுக் களவாணிங்க. நமக்கு எவ்வளவு கிடைக்கும்னு தெரிஞ்சா, விலைய அங்க கொண்டுபோய் நிறுத்துவானுங்க. முதல்ல விப்போம்" என்றார் அத்தான்.

விற்றார்கள். வாங்கியவர் சீக்கிரம் காலி பண்ணச் சொல்லி நெருக்கினார். நல்லவேளையாக ஒரு தரைத்தள வீடு அமைந்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை. அக்கா அறை அறையாக நடந்து பார்த்துச் சிரித்தாள். அத்தானோ வாசல் பூட்டைக் கழற்றி உள்ளே நோண்டிக்கொண்டிருந்தார்.

"லோன் ஒப்புதல் கையில இருக்கா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றார் இவர், திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி.

அதற்குப் பிறகுதான் வங்கிக்கு ஓடினார். அவர்கள் கடை வருமானத்தைத் துருவித் துருவிச் சரிபார்ப்பதற்குள், ஒப்புதலோடு வந்த வேறொரு குடும்பம் அந்த வீட்டை முடித்துவிட்டது. "எல்லாம் செட்டப்" என்று சொல்லி, அத்தான் விண்ணப்பத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவசரத்துக்குக் கிடைத்த வாடகை வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்கா ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்: "என் சம்பளத்துக்கு பேங்க்ல ஒப்புதல் வாங்கிட்டேன். வித்த காசோட சேத்தா சின்ன வீடு வரும். ஒப்புதலுக்குக் கெடு இருக்கு, அதுக்குள்ள பாக்கணும்."

அத்தான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். இவன்தான் தூண்டிவிட்டிருப்பான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. "யாரு சொல்லிக் குடுத்தா? என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நாலாவது மாடியில உக்காந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவளுடைய முழங்காலைப் பார்த்தார். நன்றாக வீங்கியிருந்தது.