சொந்த நாட்டுக்கு ஒரு வாக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்கா இலங்கைக்காகப் பாடப் போனாள். ஆசிய நாட்டுப் பிள்ளைகளுக்கான பாட்டுப் போட்டி அது. எங்கள் நாட்டுக் குழுவில் எங்கள் ஊரான பழுகாமத்திலிருந்து போனவள் அவள் மட்டும்தான். பாட்டின் பெரும்பகுதி சிங்களம்; நடுவில் வரும் நாலு வரித் தமிழை அக்கா தனியாகப் பாடவேண்டும். குளிக்கும்போதும் மீன் வெட்டும்போதும் அவள் அதையே பாடியதில், எங்கள் வீட்டுக் கோழிகளுக்குக்கூட அந்த நாலு வரி மனப்பாடமாகியிருக்கும்.

போட்டியன்று பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் அயலே கூடிவிட்டது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

அக்காவின் முறை வந்தது. முதல் வரியில் குரல் நடுங்கியது. அம்மா என் மணிக்கட்டை நெரித்துவிட்டார். இரண்டாம் வரியில் குரல் நிமிர்ந்தது. நாலாம் வரி முடிந்தபோது அந்த வெளிநாட்டு மண்டபம் கைதட்டியது. எங்கள் வீடு கத்தியது.

பிடித்த பாட்டின் இலக்கத்தைத் தொலைபேசியில் அனுப்பலாம் என்று திரையில் போட்டார்கள். நான் வாசலுக்கு ஓடினேன்.

“மாமா, போனை ஒருக்காத் தாங்க!”

எங்கள் பாட்டுக்கு ஏழாம் இலக்கம். அனுப்பிய கையோடு ஆங்கிலத்தில் பதில் வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்து மாமாவிடம் நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“மனே, இது உங்கட சொந்த நாடாம். சொந்த நாட்டுக்கு வோட்டுப் போட ஏலாதாம்.”

“ஏன் மாமா?”

“அதுதான் சட்டமாம்.”

இப்படியும் ஒரு சட்டமா என்று எனக்கு அழுகை வந்தது. மாமாவோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அதை மறுபடியும் வாசித்தார்.

“இன்னொருக்கா அனுப்பு மனே.”

அனுப்பினேன். அதே பதில். மூன்றாம் தடவையும் அனுப்பச் சொன்னார். என்னைப் போலவே அவரும் விட்டுக்கொடுக்காத ஆள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பாட்டுக்கு நாலாம் இடம் கிடைத்தது. எங்கள் வாக்கைச் சேர்க்காததால்தான் தோற்றோம் என்று ஒரு கிழமை எல்லோரிடமும் முறையிட்டுத் திரிந்தேன். மாமாவோ வெற்றி பெற்றவரைப் போல அயலுக்கெல்லாம் சீனிவெடிப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பதிலைத் தன் போனிலிருந்து அழிக்க யாரையும் விடவில்லை.

சோதனைச் சாவடி தோறும் இறங்கி நின்று, ‘நீ யார், எங்கேயிருந்து வருகிறாய்’ என்ற கேள்விக்கு அடையாள அட்டையை நீட்டியே இளமையைக் கழித்த மனிதர் அவர். எதையும் காட்டச் சொல்லாமல், ‘இது உங்கள் சொந்த நாடு’ என்று அவருக்கு ஒருவர் எழுதியது அன்றைக்குத்தான். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. மாமாவுக்கு இங்கிலீசு சரியாக வாசிக்கத் தெரியாது, அதனால்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.