கருஞ்சூறைக்கு மதிப்புச் சொன்ன உதுமான் பாய்

போன வெள்ளிக்கிழமை காலை நான்காம் வகுப்புக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் எங்கள் டாக்சி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் கணவர் முத்தையா அந்த நேரத்தில் தம்பின் ரயில் நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்க வேண்டியவர். நான் வெளியே ஓடியபோது அவர் காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"உதுமான் பாய் மவுத்தாயிட்டாரு. சுபுஹ் தொழுதுட்டு வந்து கடையத் தொறந்துருக்காரு. நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு" என்றார். நான் வகுப்புக்குத் திரும்பிப் பாதிக் கணக்கை அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மலாக்காவில் நாங்கள் இருக்கும் காஜா பெராங்கில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பழஞ்சாமான் கடை உதுமான் கனி என்றால் சிலர் யோசிப்பார்கள், மதிப்புப் பாய் என்றால் உடனே கடை வாசலையே காட்டிவிடுவார்கள். மெர்டேக்கா என்ற சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய நாட்களில், மலாக்காவில் வாரம் தவறாமல் எங்காவது ஒரு பங்களாவில் லெலோங் நடக்கும். ஏலத்துக்கு வரும் கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் மதிப்புச் சொல்ல இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாயின் மனசு கட்டிலில் இல்லை. பெட்டியின் அடியில் கிடக்கும் பொம்மைகளில்தான் இருந்தது. அதிலும் படக்கதைப் புத்தகங்களில் வருகிறவர்களின் பொம்மை என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். அந்தப் புத்தகங்களைக் கடையின் பின்னால் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பேரன் எடுத்த வயதில் என்ன படிப்பு இது என்று அவருடைய வீட்டம்மா திட்டுவது தெருவுக்கே கேட்கும்.

"கெட்டவன் பொம்மைதான் டீச்சர் அபூர்வம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "நல்லவன எல்லாப் பிள்ளைக்கும் வாங்கிக் குடுத்துருவாங்க. கெட்டவன யாரு காசு குடுத்து வாங்குவா? அப்படியே வாங்குனாலும் அவன் கையில ஆயுதம் தங்காது. பிள்ளைங்க அதப் புடுங்கி நல்லவன் கையில குடுத்துரும்."

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் கையைக் கழுவித் துடைப்பார். பொருளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பாதத்தைத் திருப்பி முத்திரை தேடுவார். பிறகு, அது வீட்டுக்கு வந்த கதையைக் கேட்பார். கதை முடிந்து தேநீர் வந்து, அதைக் குடித்த பிறகுதான் மதிப்பைச் சொல்வார்.

எங்கள் தெருவில், தலைமுறைகளாக மலாய் பேசும் சிட்டித் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், போர்த்துக்கீசியர் காலத்துப் பொம்மை என்று ஒன்றைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பாய் அதன் முதுகில் இருந்த முத்திரையைக் காட்டி, ஜப்பானில் செய்தது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. பாய் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தேநீர் வரவழைத்து, அவர் தாமாகச் சிரித்துப் பேசும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். வந்திருந்த வேறு ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். அந்த அம்மாள் போன பிறகு என்னிடம், "மதிப்பச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போறவன் பாதி வேலைதான் செய்யறான்" என்றார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக் கதையும் ஒரு பொம்மைக் கதைதான். முத்தையா அப்போது கிளேபாங் கடலோரத்தில் ஒரு துரை வீட்டில் டிரைவராக இருந்தார். அலோர் காஜா வளைவில் ஒரு லாரி எங்கிருந்தோ வந்து இடித்து, கார் பள்ளத்தில் உருண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கும். துரை குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது, மிஞ்சிய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுத் துரைசானி அவரிடம் கொடுத்தார். சட்டி பானை, கொசுவலை, அடியில் ஒரு சாண் உயரத்தில் ஒரு பொம்மை. முறுக்கு மீசை, பிதுங்கிய கண், இடுப்பில் சிவப்புக் கச்சை, வலது கையில் வளைந்த கத்தி. கையும் காலும் மடங்கும்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர் அதைப் பார்த்து வேறு என்ன நினைப்பார்? லயத்து வீடுகளுக்கு முன்னால் மரத்தடியில் நிற்கும் முனியாண்டி தன்னைத் தேடி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தார். மீசை, கண், கத்தி எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, ஒரு பழைய காருக்குள் ஸ்டீரிங்குக்கு முன்னால் நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். கை நடுங்கவில்லை. அந்தக் காரே பிறகு டாக்சியானது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பொம்மையால்தான். இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

ஒருநாள் சிங்கப்பூரைச் சேர்ந்த சீனப் பல் டாக்டர் ஒருவர் எங்கள் டாக்சியில் ஏறினார். வழி நெடுக அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, விற்பீர்களா என்று கேட்டார். சாமியை விற்பதா என்று முத்தையா மறுத்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. சீன டாக்டரே கேட்கிறார் என்றால் நம்ம முனியாண்டி எத்தனை தலைமுறை பழசாக இருக்கும், பாயிடம் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன். மதிப்புக் கேட்க அல்ல, பெருமை கேட்கத்தான் போனோம்.

பாய் கையைக் கழுவினார். வாசலுக்குக் கொண்டுபோனார். பாதத்தைத் திருப்பினார். பிடரியில் சந்தனம் படாத ஓர் இடத்தைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். கதையைக் கேட்டார், லாரி முதல் எலுமிச்சம்பழம் வரை. தேநீர் வந்தது. குடித்து முடித்தும் மதிப்பைச் சொல்லவில்லை. பிறகு நாற்காலியை முத்தையாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"முத்தையா, நெசம் வேணுமா? இல்ல, இப்படியே எடுத்துட்டுப் போறீங்களா? எடுத்துட்டுப் போனா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நெசத்துக்குத்தான பாய் வந்தேன்" என்றார் முத்தையா.

பாய் உள்ளே போய் ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார். அதே மீசை, அதே கண், அதே கத்தி. கடல் கொள்ளைக்காரன். ஆங்கிலத்தில் இருந்த பெயரைத் தமிழில் சொன்னால் கருஞ்சூறை என்று வரும். யாரையாவது பாய்மரத்தில் கட்டிப்போடுவதுதான் அவன் வேலை. முத்தையா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். டாக்சி கடை வாசலிலேயே நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது.

மறுநாளும் அவர் அதை எடுக்கப் போகவில்லை. ஸ்டீரிங் என்ற பேச்சை எடுத்தாலே கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். பொம்மையைத் துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா உங்களுக்கு என்னா பாய் கொறஞ்சு போயிருக்கும்? நூறு வருஷத்துச் சாமின்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் பாட்டுக்குக் காடி ஓட்டியிருப்பாரு" என்றேன்.

பாய்க்கு என் சத்தம் உறைக்கவே இல்லை போல. "உக்காருங்க டீச்சர்" என்றார். நான் உட்காரவில்லை. "நான் பொய் சொன்னா, அந்தப் பல்லு டாக்டரு இன்னொரு நாளு காடியில ஏறி நெசத்தச் சொல்லுவாரு. அப்ப முத்தையா கையில ஸ்டீரிங் இருக்கும். நான் சொன்னப்ப அவரு நாற்காலியில இருந்தாரு. அவ்வளவுதான்."

என் கோபம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

அடுத்த நாள் காலையில் பாய் தலையில் சொங்கோக் தொப்பியும் கையில் குடையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முத்தையாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், கடை வாசலில் நின்ற டாக்சியில் உட்கார வைத்தார். தான் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறினார்.

"தம்பின் போவணும்" என்றார்.

"தம்பின்ல என்னா வேல பாய்?"

"டீ குடிக்கணும்."

"இங்க டீ கெடைக்காதா?"

"கெடைக்கும். எனக்கு அங்க குடிக்கணும் லா. நீங்க டாக்சிதான ஓட்டுறீங்க? நான் பேஸஞ்சர். ஓட்டுங்க."

அன்று நடந்ததை முத்தையா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். செங் என்ற ஊர் வரை கை நடுங்கியதாம். பாய் அதைப் பார்க்காத மாதிரி, சன்னலைப் பார்த்துக்கொண்டு கருஞ்சூறையின் கதையை ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் கடைசிப் படத்தில் அவன் கடலில் விழுந்து செத்துப்போவான், அடுத்த வாரம் முதல் படத்தில் காய்ந்த சட்டையோடு வந்து நிற்பான், சட்டையை யார் உலர்த்திக் கொடுத்தார்கள் என்று கதை எழுதியவன் கடைசிவரை சொல்லவே இல்லை என்று அலுத்துக்கொண்டாராம். அலோர் காஜா வளைவு வரும்போது முத்தையா சிரித்துக்கொண்டிருந்தார். வளைவு தாண்டியது பிறகுதான் தெரிந்தது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். எந்த வேலைக்கும் இல்லாமல், தம்பினில் ஒரு தேநீருக்காக, கடையைப் பூட்டிவிட்டு அந்த மனிதர் வந்துகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மாவுக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்பார். தெருவில் கேலி கிளம்பிவிட்டது. பொம்மை போய்ப் பாய் வந்தார், இனி பாய்தான் இந்தக் காடிக்குக் காவல் சாமி என்று யாரோ சொல்ல, "அஸ்தக்ஃபிருல்லா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நான் வாடகை குடுக்காத பேஸஞ்சர்" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஒரு காலை, கடை வாசலில் டாக்சி வந்து நின்றதும் பாய் ஏறவில்லை. "இடுப்பு வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்று சன்னல் வழியாகச் சொன்னார். முத்தையா போனார். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். அன்று மாலை பாய் கடையில் பெரிய மர அலமாரி ஒன்றைத் தானே நகர்த்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய், அவர் சொல்லாமலே உட்கார்ந்தேன். அவர் தேநீர் வரவழைத்தார்.

பல் டாக்டர் மறுபடி வந்து கேட்டார். பொம்மையோடு அவரைப் பாய் கடைக்குக் கூட்டிப்போனோம். பாய் அவரிடமும் பொய் சொல்லவில்லை. சந்தனமும் குங்குமமும் வண்ணத்துக்குள் இறங்கிவிட்டன, கழுவினால் முகமே போய்விடும், சேகரிப்பவருக்கு இது பழுதான பொருள் என்றார். அதோடு, இந்த வில்லனின் பொம்மைகளில் தான் பார்த்தவரை கத்தி தப்பியது இது ஒன்றுதான் என்றும் சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "சாமின்னு நெனச்சதாலதான் கத்தி பொழச்சிச்சு. சாமி கையில இருக்கிறத யாரு புடுங்குவா?" என்றார். கத்திக்காகவாவது வாங்கிக்கொள்கிறேன் என்றார் டாக்டர். முத்தையா தலையை ஆட்டி மறுத்தார். கெட்டவன் என்று தெரிந்த பிறகும் அவருக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போதும் அது என் அலமாரியில்தான் இருக்கிறது, கத்தியோடு.

அடக்கம் நடந்த அன்று முத்தையா நாள் முழுவதும் தம்பினுக்கும் காஜா பெராங்குக்குமாக ஓட்டினார். ரயிலில் வந்த பாயின் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கினார். பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காரச் சொன்னாரே தவிர, முன்சீட்டில் ஒருவரையும் உட்கார விடவில்லை. கேட்டவர்களுக்கு, அங்கே ஆள் இருக்கிறது என்று சொன்னாராம்.

பாயைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். அவர் எத்தனை பொருளுக்கு மதிப்புச் சொன்னார் என்பதை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் நீ இந்த வருஷம் தேறவில்லை என்று சொல்ல வேண்டி வரும்போது, இப்போதெல்லாம் நான் நாற்காலியை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். சொல்லிவிட்டு எழுந்திருப்பதில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் காலையில் முத்தையா வழக்கம்போலக் குளித்து, சாப்பிட்டு, டாக்சியில் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். சாவியைப் பிடித்தபடி முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பூட்டிவிட்டுப் போய் முன்சீட்டில் ஏறினேன்.

"எங்க போவணும்?" என்று கேட்டார்.

"தம்பினுக்கு" என்றேன். "டீ குடிக்கணும்."