ஜூலை மாத ஸ்வெட்டர்

வெளியே வெயில் சதமடித்து அதற்கு மேலும் பதினான்கு ஓட்டம் எடுத்துவிட்டது. உள்ளே வெர்னா கம்பளி ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். கீழிருந்து மேலாக, ஒன்று விடாமல், கழுத்துவரை. போட்டு முடித்ததும் சுவரில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியை நோக்கி ரிமோட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குளிரைக் கூட்டுகிறார்.

"சூரியன் ஓசில குடுக்குறப்பவே வாங்கி வச்சுக்கணும். சாயங்காலம் போய்க் கையேந்தினா குடுப்பாரா?"

எழுபதைத் தொட்டாயிற்று. ஒல்லியான உடம்பு, ஓங்கிய குரல். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர பஸ் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "உள்ள போ, உக்காரு, கதவுல நிக்காத" என்பார். ஓய்வு பெறும்போது பஸ்ஸிலிருந்து இரண்டு பொருள்களைக் கேட்டு வாங்கி வந்தார். ஒன்று டிரைவர் பக்கத்துப் பெரிய கண்ணாடி. அதை ஜன்னலுக்கு வெளியே திருகி வைத்திருக்கிறார். நாற்காலியை விட்டு நகராமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல், பின்னால் முற்றத்தில் நிற்கும் சோலார் பலகைகளைப் பார்த்துவிடலாம். இன்னொன்று, பிள்ளைகள் இறங்கும்போது மற்ற வண்டிகளை நிறுத்த பஸ்ஸின் விலாவிலிருந்து நீளுமே, அந்தச் சிவப்பு 'நில்' பலகை. அது இப்போது சமையல்மேடையின் ஓரத்தில். பலகை நீண்டிருந்தால் ஏசி முழு மூச்சாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் காபிக் கெட்டிலை ஒருவன் சொருகினான் என்றால் அவன் கதை முடிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த நான் ஒருமுறை சொருகினேன். வீடே கப்சிப் என்று அணைந்தது. அதற்கப்புறம் கிடைத்த வசவை நான் இங்கே எழுத மாட்டேன்.

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், கள்ளியும் கல்லுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் மின்கம்பம் கிடையாது. ஆளுக்கொரு ட்ரெய்லர் வீடு, தண்ணீர்த் தொட்டி, முடிந்த அளவுக்கு சோலார். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பென்ஷன்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கித் திருவிழாக் கூட்டமாக இருக்கும். ஏப்ரலில் ஒருவர் மிஞ்சாமல் கிளம்பிவிடுவார்கள். கோடையிலும் தங்குகிற கிறுக்கர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடையைக் கடந்தவர்தான் இந்த ஊர்க்காரர் என்று எங்களுக்குள் ஒரு வீறாப்பு உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன கோடையில் வெர்னாவிடம் ஏசி இல்லை. என்னிடம் இருக்கிற மாதிரி தண்ணீர் ஊற்றுகிற கூலர்தான். ஜூலையில் மழைக்காற்று வந்து ஊரே புழுங்கும்போது அது இட்லிப் பானை மாதிரி ஆவிதான் விடும். ஒருநாள் மத்தியானம் வாசற்படியில் மயங்கிக் கிடந்தார். தண்ணீர் கொண்டுவந்த ஆர்லோதான், எங்கள் கோடைக்காரர்களில் ஒருவன், பார்த்துத் தூக்கினான். ஃபீனிக்ஸிலிருந்து மகள் ஷெல்பி பறந்துவந்து ஒரு பிடி பிடித்தாள். "இதோட போதும்மா. அடுத்த வருஷம் எங்கூட வந்துடு."

"அங்க வந்தா நான் விருந்தாளி. சோபா எங்க இருக்கணும்னுகூட சொல்ல முடியாது," என்றார் வெர்னா.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. எங்கோ கழற்றிப் போட்ட பழைய சோலார் பலகைகள், உடைந்த இரும்புக் கட்டில்களை வெட்டிப் பற்றவைத்த தாங்கிகள், புதிதாக ஒரு சின்ன ஸ்பிளிட் ஏசி. "இதுக்கு டுவைட்டுன்னு பேரு வைன்னாங்க," என்பார். டுவைட் அவருடைய முதல் கணவர். "எப்படி வைக்கிறது? இது வேலை செய்யுதே."

பேட்டரி சின்னது. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் என்றால் தாங்கும். ஏசியைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துவிடும். அதனால் பேட்டரியில் சேர்க்க முடியாததை வெர்னா தண்ணீரில் சேர்க்கிறார். கட்டிலுக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில், சுவரோரம் முழுக்கத் தண்ணீர் கேன்கள். பகலெல்லாம் ஏசியை விரட்டு விரட்டென்று விரட்டி அத்தனையையும் சில்லென்று ஆக்கிவிடுவார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் போடுவார். கேன்கள் விடியும்வரை குளிரைத் திருப்பிக் கொடுக்கும். பகலில் ஸ்வெட்டர் போடுவதன் காரணம் இதுதான். புதிதாகப் பார்க்கிறவன் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைப்பான்.

ஷெல்பி நம்பவில்லை. "வெயில் இருக்கறப்ப ஓடும், சரி. இருட்டுனா என்ன பண்ணுவ? நான் ஒருநாள் வந்து உக்காருவேன். பொழுது போன பிறகும் வீடு குளுகுளுன்னு இருந்தா நீ இங்கயே இரு. இல்லேன்னா பெட்டியக் கட்டு. அப்புறம் பேச்சில்ல." வெர்னா ஒப்புக்கொண்டார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பயமே அதுதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் புழுதிக் காற்று அடித்திருந்தது. ஷெல்பி மத்தியானம் வருகிறாள். மகளுக்குப் பிடிக்குமே என்று பீச் பழம் வாங்க வெர்னா காலையிலேயே டவுனுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஆர்லோவுக்கு நல்ல மனசு வந்துவிட்டது.

ஆர்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய மரியாதை. கிணறு ஆர்லோ மாதிரி ஓரிருவருக்குத்தான்; மற்றவர்களுக்குத் தொலைவிலிருந்து சுமந்து வருகிற சரக்கு அது. பிறந்தநாளுக்குக்கூட இங்கே அரைத் தொட்டி தண்ணீர் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆர்லோ அன்று தன் பிக்கப்பில் இருந்த தொட்டி முழுவதையும், தன் கிணற்றுத் தண்ணீரை, வெர்னாவின் பலகைகள்மேல் ஊற்றிப் புழுதி போகக் கழுவிவிட்டான். விருந்து வைத்தவன் மாதிரி பூரிப்பாக நின்றான்.

இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் பானைக்குள் சுண்ணாம்பு படியும். அந்த வெயிலில், அந்தச் சூட்டில், ஊற்றின தண்ணீர் நொடியில் காய்ந்து அத்தனை பலகையும் நெற்றி நிறைய விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு நின்றன. வெர்னா எப்போதும் விடியற்காலையில் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டுகிறவர். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியைப் பார்த்தார். சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தார். அது வழக்கத்தில் பாதிகூட ஏறவில்லை.

"ஏம்ப்பா ஆர்லோ," என்றார் நிதானமாக. "என்மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபமா? ஒரு தொட்டித் தண்ணிம்மா! முழுத் தொட்டி!"

"அதான் கேக்குறேன்."

ஆர்லோ வெளியே போய் விரலால் பலகையைச் சுரண்டிப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது. "நான்தான் உன்ன ஃபீனிக்ஸுக்கு அனுப்பப் போறேன்," என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்று சொன்னான்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. கெட்டில்ல உப்புப் படிஞ்சா எதால கழுவுவ?"

"வினிகர்."

"போ. யார் வீட்ல எவ்வளவு இருக்கோ வாங்கிட்டு வா."

ஆர்லோ பறந்தான். கோடைக்காரர்கள் எல்லோருடைய அடுப்படியையும் துடைத்து எடுத்து வந்தான். கொண்டுவந்ததில் வினிகர் பாட்டில்கள் பாதிதான். மீதி, வினிகரில் ஊறப்போட்ட மிளகாய், வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள். "தண்ணிய மட்டும் வடிச்சுக்கிட்டு காய திருப்பிக் குடுக்கணுமாம்," என்றான்.

வெர்னா ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே கிளம்பினார். நான் வாசலை மறித்தேன். போன வருடம் விழுந்த அதே படி. மகள் வந்து பார்க்கும்போது அம்மா வெயிலில் நின்றால் பந்தயம் அங்கேயே தீர்ந்தது. கொஞ்சம் முறைத்தார். பிறகு ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் எங்கள் இருவரையும் ஓட்டினார் பாருங்கள், முப்பது வருடம் எப்படி ஓட்டினார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"மேல் வரிசை, ஓரத்துல! அங்க வெள்ளை தெரியுது! எல்லாத்தையும் ஒரேயடியா மூடாத, ஏசி நின்னுடும். ஒவ்வொண்ணா. காயறதுக்குள்ள துடை!"

ஈரப் போர்வையைப் போட்டு ஒரு பலகையைச் சூடு தணிப்பது, வினிகர் தேய்ப்பது, டவுனில் வாங்கின குடிதண்ணீரால் அலசுவது, துடைப்பது. அந்தக் குடிதண்ணீர் வெர்னாவின் ஒரு வாரத்துக்கானது. அவர் யோசிக்கவேயில்லை. உள்ளங்கை கொப்பளித்தது. மிளகாய் வினிகர் பட்டு ஆர்லோ கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினான். ஜன்னலுக்குள்ளிருந்து வெர்னா சிரித்தது எனக்குக் கேட்டது.

கடைசிப் பலகையில் கை வைத்தபோது ஷெல்பியின் கார் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய காலிப் பெட்டியை இறக்கினாள். மூக்கைச் சுளித்தாள். "என்ன ஊறுகாய் வாசனை?"

"மத்தியானச் சாப்பாடு," என்றான் ஆர்லோ.

உள்ளே போய்ப் பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, கையில்லாத சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். மீட்டர் பழையபடி ஏறியிருந்தது. ஆனால் போன வெயில் போனதுதான். காலையின் நல்ல வெயில் பாதி வீண். வெர்னா சிவப்புப் பலகையை நீட்டினார். ஃப்ரிட்ஜைக்கூடப் பிடுங்கிவிட்டார். கிடைத்த மின்சாரம் அத்தனையும் ஏசிக்கு. ஒருவரும் காபி கேட்கவில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறவரை வெர்னா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கேன்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தன. போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. வெர்னா ஏசியை நிறுத்தினார்.

"நிறுத்திட்டியா?" என்றாள் ஷெல்பி. "அவ்வளவுதானா?"

"இனிமேதான்," என்றார் வெர்னா. சமையலறைக்குள் போய் பீச் பழங்களை நறுக்கினார்.

பீன்ஸ் சாலட் சாப்பிட்டோம், பழம் சாப்பிட்டோம். ஆர்லோவின் நாய் வெளியே குரைத்தது. கதவைத் திறந்தால் அனல் உள்ளே வரும் என்று ஆர்லோ போகவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் சுட்டது. விளக்குப் போட்டோம். ஷெல்பி கடிகாரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், நின்றுபோன ஏசியை முறைத்தாள். கட்டியிருந்த கைகளை இன்னும் இறுக்கிக் கட்டினாள். அப்புறம் கால்களைத் தூக்கி சோபாவில் மடக்கிக்கொண்டாள். முழங்கையை லேசாகத் தேய்த்துக்கொண்டாள். நானும் ஆர்லோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை; பார்த்தால் சிரித்துவிடுவோம்.

சட்டென்று அவள் எழுந்து கதவோரம் போனாள். பெட்டியைத் திறந்தாள். கட்டச் சொல்லப் போகிறாளோ என்று நினைத்தேன். உள்ளே ஏதோ தேடினாள். அம்மாவுக்காகக் கொண்டுவந்த காலிப் பெட்டி. அதில் என்ன இருக்கும்? மூடிவிட்டு அங்கேயே நின்றாள்.

வெர்னா தட்டைக் கீழே வைத்தார். ஸ்வெட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் மகளின் ஒரு கையைப் பிடித்து நுழைத்தார், மறு கையை நுழைத்தார். பிறகு பொத்தான் போட ஆரம்பித்தார். கீழிருந்து மேலாக, ஒன்று விடாமல். கடைசிப் பொத்தானுக்கு ஷெல்பி தானாகவே முகவாயைத் தூக்கிக் கொடுத்தாள்.