அழிக்கலாமா சார்

என் தெலுங்கு, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடப் போதும். சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசவும் போதும். பௌதிகம் நடத்தப் போதாது. ஆந்திராவில், புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் மீடியத்துக்கு சயன்ஸ் வாத்தியாராக இருந்த எனக்கு அந்த வருடம் முழுக்கக் கவலை கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

பத்தாம் வகுப்பில் இந்த முறை பாதிப் பேராவது தேறாவிட்டால், ஜூனில் தமிழ் மீடியத்தை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் தெலுங்கு மீடியத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஹெட்மாஸ்டர் மண்டல ஆபீசுக்குப் போய்வந்து, டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்தான் எனக்குப் பயம் வந்தது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தார். பத்தாவதில் பாஷையை மாற்றினால் அந்தப் பிள்ளைகளும் அதே ரயிலில் ஏறிவிடும். எனக்கு எங்கே மாற்றல் வரும் என்று தனியாக ஒரு பயம். அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பாடத்திட்டம் அந்த வருடம் மாறியிருந்தது. தெலுங்குப் புத்தகம் பள்ளி திறந்ததுமே வந்துவிட்டது. தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டால் 'வரும்' என்றார்கள். திருத்தணி போனால் தமிழில் கைடு கிடைக்கும், ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடம். எங்கள் பிள்ளைகள் தமிழில் படித்தாலும் ஆந்திராவுக்குத்தான் பரீட்சை எழுத வேண்டும்.

அப்போதுதான் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைபார்த்த என் பழைய மாணவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்து தருகிறேன், எல்லையோரத்துத் தமிழ் மீடியம் வாத்தியார்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாடமாகத் தமிழில் எழுதுங்கள், ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திருத்தலாம், எல்லோருக்கும் எல்லாமும் தெரியும் என்றார். "அதுல யாரு எழுதுனது யாருதுன்னு ஒண்ணும் கெடையாது சார்" என்றார். எனக்குப் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். போனில் பேசும்போது தலையை ஆட்டி என்ன பயன் என்பது பிறகுதான் உறைத்தது.

புத்தூரில் கைகால் முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்காரும் டீக்கடைக்கு மேலே ஒரு நெட் சென்டர். சனிக்கிழமைகளில் நான் அங்கே போய் ஒற்றை விரலால் ஒளியியலை அடித்துக்கொண்டிருப்பேன். கீழே முழங்கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியவர்கள்கூட என்னைவிட வேகமாக அடிப்பார்கள். நகரிப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் டீச்சர் சேர்ந்தார். அவர் பள்ளியில் சயன்ஸ் போஸ்ட் காலி, அதனால் தமிழோடு சயன்ஸும் அவர் தலையில். இன்னும் சில பள்ளிகள். எல்லோருக்கும் மேலாக, சந்திரகிரியில் ரிட்டயராகி இருந்த பெரிய சார். எங்களில் பாதிப் பேருக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். மின்சாரம் பாடத்தை அவரே எழுதுகிறேன் என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பள்ளிகளில் ஒரு பழக்கம் உண்டு. முந்தின பீரியடில் சீனியர் வாத்தியார் எழுதியது போர்டில் இருந்தால், அடுத்து வருகிறவர் அதைத் துடைக்க மாட்டார். வராண்டாவில் போகிறவரைத் துரத்திப் பிடித்து, 'போர்டு அழிக்கலாமா சார்' என்று கேட்டுவிட்டு வர வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கிற மூலையில் சின்னதாக எழுதி நடத்த வேண்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் மூலையிலேயே நடத்தியிருக்கிறேன். கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்கு நான் என்ன பாடம் எடுத்தேன் என்றே தெரிந்திருக்காது.

பெரிய சாரின் பாடம் ஒரு சனிக்கிழமை பக்கத்தில் ஏறியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி தமிழ். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மின்தடைகளைத் தொடராக இணைத்தால் தலைகீழ்களைக் கூட்ட வேண்டும், பக்கமாக இணைத்தால் அப்படியே கூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அது மின்தேக்கிக்கு உள்ள விதி. மின்தடைக்கு நேர் எதிர். இன்டர்மீடியட் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக மின்தேக்கி நடத்திய கை, தானாக அப்படி எழுதிவிட்டது. ஆனால் எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பி.எஸ்ஸி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதைப் படித்தும் தீரவில்லை. புத்தகம் எழுதியவர் எனக்குப் பாடம் நடத்தவில்லையே.

அடுத்த முறை போய்ப் பார்த்தபோது பாடத்துக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அருமை சார். மிக அருமை சார். நன்றி ஐயா. வாழ்த்துகள் சார். நானும் 'அருமை' என்று சேர்த்தேன். என்னுடையதில் 'மிக' இல்லை. எதிர்ப்பை அப்படித்தான் தெரிவித்தேன்.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன, எல்லாம் எனக்கு. தெலுங்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒவ்வொருவரும் ரகசியமாகக் கூப்பிட்டு, நீங்கள்தான் அவருக்கு ரொம்ப வேண்டியவர், நீங்களே பக்குவமாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். நகரி டீச்சர் கூப்பிட்டபோது பின்னால் அவர் வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டும், ஆனால் ரகசியம். "அண்ணா, ரெண்டு புக்கும் ரெண்டு மாறி கீது. புள்ளைங்களுக்கு நான் எத்த சொல்றது?" என்று தெருவுக்கே கேட்கும்படி குசுகுசுத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்றால், பெரிய சார் எழுதியதைத் தொடாமல், அதற்குக் கீழே 'மற்றொரு முறை' என்று ஒரு தலைப்புப் போட்டு, சரியான விதியை எழுதினேன். போர்டின் மூலை. யாருக்கும் மனம் நோகாது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை எல்லாப் பள்ளிகளும் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டன.

மறுவாரமே என் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள்.

"சார், இதுல ரெண்டு கீது. எது சரி?"

"கீழ கீறத எழுதும்மா."

"மேல கீறதுல பெரிய சார் பேரு போட்டுக்கீது. கீழ கீறதுல பேரே இல்லியே சார்."

வகுப்பு சிரித்தது. மேலே இருப்பது தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இருமல்தான். கீழே இருப்பதையே எழுதுங்கள் என்று மறுபடி சொல்லிவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன். என் வகுப்புக்காவது நான் இருக்கிறேன். சயன்ஸ் வாத்தியாரே இல்லாத பள்ளிகளில் அந்தக் காகிதம்தான் வாத்தியார். மின்சாரத்திலிருந்து ஒரு பெரிய கணக்கு வராமல் போனதே இல்லை. தேறுமா தேறாதா என்று நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு கணக்கே மீடியத்தைக் காப்பாற்றும், இல்லை கவிழ்க்கும்.

பரீட்சை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த ஒரு மதியம் என் மனைவி, "துன்றதுன்னா துன்னுங்க, இல்லன்னா போயி அவருகிட்ட சொல்லிட்டு வந்து துன்னுங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். அங்கிருந்து சந்திரகிரி. வழி முழுக்க வாக்கியம் அமைத்தேன். 'சார், சிறு ஐயம்' என்று ஆரம்பிப்பதா, 'அச்சுப்பிழை ஒன்று' என்று ஆரம்பிப்பதா. அச்சுப்பிழை நல்லது, அதில் யார் மேலும் பழி இல்லை என்று முடிவு செய்து இறங்கினேன்.

பெரிய சார் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். பையன் அமெரிக்கா, பெண் பெங்களூர், அவர் மனைவி பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருந்தார். காபி அவரே போட்டார். நான் சந்திரகிரிக் கோட்டையைப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், வாழைப்பழத்தைப் பற்றிக்கூடப் பேசினேன். அவரே ஆரம்பித்தார்.

"கீழ மற்றொரு முறைன்னு எழுதிக்கீறியே, அது இன்னாபா? புது சிலபஸா?"

காபி மூக்கில் ஏறியது. அச்சுப்பிழை என்று சொல்லப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

"நான் மாத்தி எழுதிட்டேன்னு மறுநாளே தெரிஞ்சி போச்சி. திருத்தலாம்னு போனா, நீ கீழ எழுதி வச்சிக்கீற. அத்தினி பேரும் அருமைன்னு போட்டுக்கீறாங்க. ரெண்டையும் வச்சிக்கினு இன்னாவோ கணக்கு பண்ணிக்கினு கீறாங்க, ரிட்டயர் ஆனவன் நடுவுல போயி கைய வெக்கக்கூடாதுன்னு உட்டுட்டேன். இப்ப போர்டு உங்களுது இல்ல?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தப்புன்னு ஒருத்தராச்சும் போன் பண்ணுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எல்லோரும் பண்ணினார்கள் சார், எனக்குப் பண்ணினார்கள் என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் எந்தெந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். சொல்லச் சொல்ல முகம் மாறியது. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தெருமுனை நெட் சென்டரில் பக்கத்தைத் திறந்தோம். அவர் எழுதிய வரிகளை நான் தேர்வு செய்தேன், நீல நிறமாக மாறின. அதற்குமேல் விரல் போகவில்லை.

"அழிக்கலாமா சார்?"

"அழி."

"நீங்களே அழிச்சிடுங்க சார்."

"உன் கைலதானே கீது, நீ அழிடா."

"உங்க எழுத்து சார் அது."

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பகல் கரெண்ட் கட் நேரம் நெருங்கிவிட்டது. "எவரோ ஒகரு நொக்கண்டி சார், கரெண்ட்டு போத்துந்தி" என்றார். யாராவது ஒருத்தர் அழுத்தித் தொலையுங்கள் என்பதை மரியாதையாகச் சொன்னார். பெரிய சார் என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். நீலம் மறைந்தது. உடனே திரையும் மறைந்தது, மின்விசிறியும் நின்றது.

அது போய்ச் சேர்ந்ததா, இல்லையா? மின்சாரப் பாடத்தைத் திருத்த மின்சாரம் இல்லை. தெருவில் நின்று பெங்களூருக்குப் போன் போட்டேன். என் பழைய மாணவர் அங்கே திறந்து பார்த்தார். பார்க்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரிய சார் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பெரிய சார் எழுதுனது போயிடிச்சி சார். உங்களுது மட்டும் கீது. ஆனா 'மற்றொரு முறை'ன்னு தலைப்பு அப்படியே நிக்குது. ஒரு முறையே இல்ல, மற்றொரு முறை மட்டும் கீது." கொஞ்சம் நிறுத்தி, "அழிக்கட்டா சார்?" என்றார். யாரு எழுதுனது யாருதுன்னு ஒண்ணும் கெடையாது என்று சொன்ன அதே ஆள்.

பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த காகிதம் தானாகத் திருந்தாதே. பெரிய சார் அங்கேயே சுவரோரமாக நின்று ஒவ்வொரு பள்ளி வாத்தியாருக்கும் அவரே போன் செய்தார். நான் எழுதியது தப்பு, மேலே இருப்பதைப் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள் என்றார். இரண்டு இடத்தில் போன் எடுக்கவில்லை, பிறகு பல முறை போட்டும் எடுக்கவில்லை. நகரி டீச்சர் கிடைத்தார். பெரிய சார் வாயால் தப்பு என்று கேட்டதும், பரவாயில்லை சார் என்று மட்டும் சொன்னாராம்.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது, பக்க இணைப்பில். முதல் பெஞ்சுப் பெண் வெளியே வந்து, "கீழ கீறதுதான் எழுதுனேன் சார்" என்றாள். போன் எடுக்காத அந்த இரண்டு பள்ளிகளில் என்ன எழுதினார்கள் என்று ரிசல்ட் வரும்வரை நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

எங்கள் வகுப்பு தேறியது, விளிம்பைத் தொட்டுக்கொண்டு. நகரியில் எங்களைவிட நன்றாக. போன் எடுக்காத பள்ளிகளில் ஒன்றில் பாதிக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கணக்கால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜூனில் அங்கே தமிழ் மீடியத்தில் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "இந்த வருஷத்துக்குப் பரவால்ல" என்றார்.

அன்று சாயங்காலமே புத்தூர் நெட் சென்டருக்குப் போனேன். பக்கத்தின் உச்சியில், எல்லாப் பாடத்துக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி அடித்தேன்: 'இங்கே யார் எழுதியதையும் யாரும் கேட்காமல் அழிக்கலாம்.'

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். அருமை சார். மிக அருமை சார்.