புல்லில் படுத்திருந்த விமலா அக்கா

ஞாயிறு மதியம் சாப்பாட்டில் கை வைத்த நேரம், புனே விஷ்ராந்த்வாடியில் என் வீட்டில் போன் அடித்தது. விமலா அக்காவின் மகள். தமிழ் தடுமாறும் பெண். "அங்கிள், அம்மா கார்டன்ல... ஹார்ட் அட்டாக். அம்மா இல்ல, அங்கிள்" என்றாள். தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கோர்படி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய ஞாயிறுகள் தெரியும். பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தோட்டத்துக்குப் போவார். அணிலோ ஓணானோ கண்ணில் பட்டால் புடவையோடு புல்லில் குப்புறப் படுத்துவிடுவார். தொண்ணூறுகளில், ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி அப்படிப் படுத்தால் ஊர் சும்மா இருக்குமா? முதல் நாளே கூட்டம் கூடி, யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். கேமரா நனைந்ததில் அக்காவுக்கு வந்த கோபத்தை நேரில் பார்த்தவன் நான். அதன் பிறகு தோட்டத்துக் காவலாளி ஷிண்டேதான் அவருக்குத் துணை. யார் நெருங்கினாலும், மேடம் படம் எடுக்கிறார் என்று மராத்தியில் அதட்டி விலக்கிவிடுவார்.

ஏன் இப்படிப் படுக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். புனேவில் இத்தனை காலம் இருந்தும் வேலூர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. "மேல நின்னு எடுத்தா எலி மாரிதான் தெரியும், குமாரு. அது கண்ணுக்கு நேரா நம்ம கண்ணு இருந்தாதான் அதும் மனசுல இன்னா கீதுன்னு தெரியும். நம்மள மரம்னு நெனைக்கிற வரிக்கும் அசையக் கூடாது. ஒருநாளு என் கைகிட்டயே வந்து குந்தும், பாரு" என்றார்.

அவர் படங்களில் அணிலுக்கு முகபாவம் இருந்தது. கன்னம் உப்பி முறைக்கும் ஓர் அணிலை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். எட்டிப் பார்த்த கேஷியர், "யார் மேல இவ்ளோ கோவம்?" என்றார். "அட்வான்ஸ் கேட்டு வந்தவங்க மேல. அரே, நல்லா பாருங்க சார், நீங்கதான்!" என்றார் அக்கா. கேஷியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தமக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். இதை எழுதும்போது கண்ணீர் கண்ணை மறைக்கிறது.

உங்களில் சிலர் ஷிண்டே மேல் கொதிப்பாக இருக்கிறீர்கள். பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லை, புகார் கொடுத்து வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

தகனத்தன்று ஷிண்டே உள்ளே வரத் துணியாமல் வெளியிலேயே நின்றார். நான் கையைப் பிடித்ததும் உடைந்துவிட்டார். அந்த ஞாயிறு காலை ஒரு தம்பதி அக்காவின் அருகே போகப் பார்த்ததையும், வழக்கம்போல் தாம் தடுத்துவிட்டதையும் அவரே சொன்னார். "நானும் திரும்பிப் பார்த்தேன் சாப். மேடம் முழங்கை பக்கத்துல அணில் உட்கார்ந்து கொறிச்சுக்கிட்டிருந்தது. இத்தனை வருஷத்துல அவ்வளவு கிட்ட வந்ததே இல்ல. மேடத்துக்கு இன்னைக்கு நல்ல நாள்னு நினைச்சு, சத்தம் வராம நகர்ந்து போனேன்."

இந்த மனிதர் மேல் என்ன புகார் கொடுப்பீர்கள்? அக்காவின் ஆசை தெரிந்த நம்மில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் விலகித்தான் நின்றிருப்போம். அவரை விட்டுவிடுங்கள்.

படங்களெல்லாம் மகளிடம் பத்திரமாக இருக்கின்றன. எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தத் தோட்டத்தில் யார் படுத்திருந்தாலும் கிட்டே போய்த் தோளைத் தொட்டுவிடுகிறேன். நேற்று அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் திட்டத் திட்ட, நான் நின்று அழுதேன். விமலா அக்கா, நீங்களும் அன்றைக்கு எழுந்து யாரையாவது இப்படித் திட்டியிருக்கக் கூடாதா?