அக்காவும் தம்பியும் ஒரு சட்டமும்

லண்டனில், ஹரோவில் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் ஒரு யூதப் பெண்மணி இருக்கிறார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி அவருடைய தம்பி, வழக்கறிஞராக இருந்தவர். இருவரும் நாள் தவறாமல் சந்திப்பார்கள், நாள் தவறாமல் வாதாடுவார்கள். சென்ற வசந்தத்தில் அவர்களுக்கு அகப்பட்டது, யூத வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம். அதை இன்னும் இறுக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. கோஷத்துக்கும் பதாகைக்கும் ஆளைப் பிடிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பது தம்பியின் கட்சி.

அதே கேள்வியை ஒரு சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தில் பொது விவாதமாக வைத்தார்கள். பேச்சாளர்கள் அவர்கள் இருவரும்தான். எந்தப் பக்கமும் சாராத தலைவர் ஒருவரைத் தேடி என் கதவைத் தட்டினார்கள். நான் மருந்துக்கடை நடத்துகிறேன். எல்லோருக்கும் ஒரே முகத்தோடு மாத்திரை கொடுப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

"உங்களுக்கேன் இந்த வேலை? ரெண்டு பேரையும் பகைச்சுக்கொண்டுதான் வரப்போறியள்," என்றாள் மனைவி.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இனி மாட்டன் எண்டு சொல்ல ஏலாது," என்றேன்.

கதிரைகள் போதாமல் சிலர் புத்தக அலுமாரிகளில் சாய்ந்து நின்றார்கள். அக்கா முதலில் பேசினார். தங்கள் தொழுகைக் கூடத்துச் சுவரில் யாரோ யூதர்களைத் திட்டி மையால் கிறுக்கிப் போனதைச் சொன்னார். ரயிலில் ஏறுமுன் தன் பேத்தி யூதப் பள்ளிக்கூடச் சின்னம் உள்ள மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் திணிக்கிறாள், அவளுக்குப் பன்னிரண்டு வயது என்றார்.

தம்பி எழுந்து, அந்தச் சுவரை அக்காவோடு சேர்ந்து தேய்த்துக் கழுவியவன் நான்தான் என்று தொடங்கினார். சுவரில் கிறுக்குவது ஏற்கெனவே குற்றம். ஆனால் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், நாளை அது யார் வாயை மூடும் என்று கேட்டார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல்.

அப்போது பின்வரிசையில் ஒருவர், இலங்கையிலிருந்து வந்த தலைவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். தலைவருக்குக் கருத்துக் கிடையாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு பஸ்ஸில் நானும் நண்பனும் தமிழில் பேசியதற்காகச் சிலர் எங்களை அதட்டியதையும், இறங்கும் வரை நாங்கள் வாய் திறக்காததையும் சொன்னேன். அப்பா வாசித்த பத்திரிகை தணிக்கையில் வெட்டிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டு வந்ததையும், அங்கே என்ன இருந்திருக்கும் என்று அவர் ஊகித்து வாசித்துக் காட்டியதையும் சொன்னேன்.

"பார்த்தீர்களா, இவர் என் பக்கம்," என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில். அக்காவுக்குப் பஸ், தம்பிக்குப் பத்திரிகை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து தொகுதி எம்.பி.க்கு ஒரே கடிதம் எழுதத் தீர்மானித்தார்கள். அக்காவின் சமையலறையில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அச்சுறுத்தும் பேச்சு, புண்படுத்தும் பேச்சு இரண்டையும் தடுக்க வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார். தம்பி இரண்டாவதை ஏற்கவில்லை. இரண்டு கோப்பைத் தேநீர் ஆறிப்போனது. பிறகு அக்கா தானாகவே பேனாவை எடுத்து "புண்படுத்தும்" என்பதை வெட்டினார்.

"அறுபது வருடமாக இவன் என்னைப் புண்படுத்துகிறான். அதற்காக இவனைச் சிறையில் பார்க்க எனக்கு விருப்பமில்லை," என்றார்.

தம்பி தாளை வாங்கி, பேச்சுரிமையைக் காக்க வேண்டும் என்ற தன் பந்தியை அக்காவின் பந்திக்குக் கீழே எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.