மூன்று முதுகுகள்

என் மனைவி இறந்த மூன்றாம் நாள், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவளைப் பற்றிய செய்தி வந்தது. பெயரும் வயதும் சரி. கீழ் கோத்தகிரி அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்ததும், தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு எடுத்ததும் பிழையின்றி இருந்தன. மேலே இருந்த படத்தில் கறுப்புப் புர்கா அணிந்த மூன்று பெண்கள், ஏதோ ஒரு நகரத்துத் தெருவில் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

அவள் புர்கா அணிந்ததில்லை. அவளுடைய தங்கை அணிகிறாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் வாதிட்டதில்லை. இவளுக்குப் பருத்திச் சேலை, மேலே ஒரு ஸ்வெட்டர், பள்ளிவாசல் பாங்கு கேட்டால் தலைக்கு ஏறும் முந்தானை.

நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். ஊடகங்கள் முஸ்லிம்களைக் காட்டும் விதம் பற்றி ஜமாஅத் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறேன். பெருநாள் தொழுகையின் வரிசை, கலவரம், புர்கா: இவற்றைத் தாண்டி அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை என்பேன். அதே கோபத்தோடு, அந்தச் செய்தியை எழுதிய செய்தியாளரை அழைத்தேன்.

“ஏனுங்க சார், நான் ஊட்டுக்கே வந்து போட்டோ கேட்டனுங்களே. நீங்கதானுங்க, ‘எங்களில் வழக்கமில்லை’ன்னு சொல்லிட்டீங்க.”

“அதற்காக யாரோ மூவரின் முதுகா?”

“ஆபீஸ்ல பக்கம் போடற டெஸ்க்குல தேடியிருப்பாங்க, இதுதான் கெடச்சிருக்கும். கீழ ‘கோப்புப் படம்’னு போட்டிருக்குதுங்களே. செய்தியில ஏதாச்சும் தப்புங்களா?”

தவறு ஏதுமில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னலருகே போனேன். வெளியே மூடுபனி எதிர்வீட்டை மறைத்திருந்தது. படம் தரக்கூடாது என்ற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அடக்கம் முடிந்த அன்று அவளுடைய முகத்தை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் தேநீர் குடித்தபடி அவளைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்கள் என்பதைத் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழியைச் சமுதாயத்தின் மேல் போட்டேன். அவர் நம்பினார். என்னைப் போன்ற ஒருவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

மறுநாள் மீண்டும் அழைத்து, வழக்கமில்லை என்று நான் சொன்னது உண்மையல்ல என்றேன்.

“அப்பறம் ஏனுங்க சார் அப்படிச் சொன்னீங்க?”

இப்போது படம் தந்தால் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. இறப்புச் செய்தியை இரண்டாம் முறை போடமாட்டார்கள் என்றார். வெள்ளிக்கிழமை அவள் கற்பித்த பள்ளியில் இரங்கல் கூட்டம் இருக்கிறது. அங்கே படம் வைத்தால் தாமே வந்து எடுப்பதாகச் சொன்னார்.

அவள் கரும்பலகையில் தவளையை வரைந்து முடித்து, கையில் சுண்ணக்கட்டியோடு திரும்பிச் சிரிக்கும் படத்தை எடுத்துச் சென்றேன். தோட்ட வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவளிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களுள் மூத்தவர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர், படத்தின் அருகில் குனிந்தார்.

“டீச்சர் இதில மெலிஞ்சு போய் இருக்காங்களே. நீங்க ஒழுங்காச் சாப்பாடு போடல்லயா ஐயா?”

“சமைத்ததே அவள்தான்,” என்றேன்.

அவர் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். செய்தியாளர் அந்தக் கணத்தை அவள் படத்தோடு சேர்த்துப் படமெடுத்தார். தலைப்பில் ‘முஸ்லிம் ஆசிரியை’ என்று வரலாமா எனத் தயங்கிக் கேட்டார். தாராளமாக வரட்டும், அவள் முகம் தெளிவாக இருக்கவேண்டும், வேறொன்றும் இல்லை என்றேன்.

சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒருவர் அவள் படம் வந்த பக்கத்தை விரித்து வைத்திருந்தார். யாரென்று தெரியாது. ஒரு வாய் தேநீர் குடித்தார். அவளைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு பக்கத்தைப் புரட்டினார். அதுவரை நான் கடைக்கு வெளியே நின்றிருந்தேன்.